செவிக்குப் பொருந்திய கூடு

ஒலிக்கருவி வாங்குவோர் அதன் உள்ளுறுப்பைப் பற்றி வினவுவரேயன்றி, அதனைப் பொதிந்துள்ள கூட்டைப் பற்றி வினவுதல் அரிது. கூடு என்பது அழகுக்கும் காவலுக்கும் அமைந்ததொரு போர்வை என்பதே பலர் எண்ணம். செவித்துளைக்குள் அணியும் கருவிகளைப் பொறுத்தமட்டில் இவ்வெண்ணம் தவறென்பதும், அத்தவற்றால் பெரிதும் இழப்பெய்துவோர் இசைவாணரல்லர், காது கேளாத எளியோரே என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

இசையரங்கிற் பாடுவோர் தம் குரலையும் பக்க இசையையும் தெளிவுறக் கேட்டற்பொருட்டு ‘இன்-இயர் மானிட்டர்’ என்னும் சிறு கருவியைச் செவிக்குள் அணிதலை இந்நாளில் யாவரும் கண்டிருப்பர். 1995-ஆம் ஆண்டில் அமெரிக்க ஒலிப்பொறியாளர் ஜெரி ஹார்வி என்பார், வான் ஹேலன் குழுவின் முழவிசைஞரான அலெக்ஸ் வான் ஹேலனுக்கென அவர்தம் செவியின் வடிவிலேயே வார்த்த கருவியொன்றை அமைத்தனர். நூல் கட்டிய பஞ்சுத் துண்டொன்றைச் செவித்துளையில் இட்டு, சிலிக்கோன் குழம்பைச் செலுத்தி, அது சில நிமிடங்களில் இறுகியபின் வெளியே எடுத்து, அவ்வடிவினின்று கூடு வார்ப்பர். காது கேளாதார் அணியும் கருவிக்கு இம்முறை அதற்கு நெடுங்காலம் முன்னரே வழங்கியதாகும். மருத்துவமனையில் ‘இயர் மோல்டு’ என்பர். ஈண்டுச் செவியச்சு என்போம்.

இச்செவியச்சு ஒலியை மாற்றுவது யாங்ஙனம்? யாழின் பத்தரும் வீணையின் குடமும் தாமே அதிர்ந்து ஒலிக்குத் துணை செய்வன. ஆதலின் அவை இன்ன மரத்தால் ஆயவை என்பது பெரிதும் கருதப்படும். செவியச்சோ அத்தகையதன்று. அக்கிரிலிக்கால் வார்ப்பினும் சிலிக்கோனால் வார்ப்பினும், பொருந்துதல் ஒன்றாயின் ஒலியில் வேறுபாடு மிகச் சிறிதே. ஒலியை ஆள்வன இறுக்கம், ஆழம், துளை என்னும் மூன்றுமாம்.

கூட்டிற்கும் செவிச்சுவருக்கும் இடையே சிறு இடைவெளி இருப்பினும் தாழ்ந்த ஒலிகள் அதன்வழி ஒழுகிப்போம். மிருதங்கத்தின் தொப்பி ஓசை மெலிந்து கேட்கும். கேளாதார் கருவியிலோ, பெருக்கிய ஒலி அவ்விடைவெளியால் வெளிப்போந்து மீண்டும் ஒலிவாங்கியைச் சேர்ந்து சீழ்க்கையாய் எழும். இஃது இறுக்கத்தின் இயல்பு. இனி, கூடு ஆழச் செல்லச் செல்ல, அதற்கும் செவிப்பறைக்கும் இடைப்பட்ட காற்றின் அளவு குறையும். அவ்வளவு பாதியாயின் தாழ்ந்த ஒலிகளின் அழுத்தம் இருமடங்காகும். அஃதாவது 6 டெசிபல் உயரும். அன்றியும், ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் நீளமுள்ள செவித்துளை, திறந்துள்ளபோது நொடிக்கு 3,000 அதிர்வை ஒட்டிய ஒலிகளை இயல்பாகவே ஓங்கச் செய்வது; அடைத்தவுடன் அவ்வுதவி அற்றுப்போதலின் கருவியே அதனை ஈடுசெய்தல் வேண்டும். மூன்றாவது துளை. செவியை முற்றும் அடைப்பின் அணிந்தவர் குரல் அவர்க்கே குடத்துள் பேசினாற்போல முழங்கும். சிறு காற்றுத்துளை அதனைத் தணிக்கும். அத்துளை மிகப் பெரிதாயின் சீழ்க்கை மீளும். ஒலி வரும் வழி நுனியில் விரிந்திருப்பின் உயர்ந்த ஒலிகள் தெளிவுறும்.

இசைவாணர்க்கு இவற்றால் வருவது இசையின் நயம். கேளாதார்க்கு வருவது மொழியே. படி, தடி, கடி என்னும் சொற்களை ஒன்றினின்று ஒன்று பிரித்துக் காட்டுவது முதலெழுத்தின் மெய்யொலி. அம்மெய்களின் வேறுபாட்டைக் காட்டும் கூறுகள் பெரிதும் உயர்ந்த அதிர்வுகளில் வலிமை குன்றி நிற்பன. இலக்கணம் வல்லெழுத்தென்று பெயரிட்டவையே கேளாச் செவிக்கு மெல்லியவாதல் வியப்பன்றோ! சீழ்க்கைக்கு அஞ்சி ஒலியைக் குறைப்பவர் முதற்கண் இழப்பது இவற்றையே. பின்னர்க் கருவி பெட்டிக்குட் செல்லும். அணிந்தவர் கூட்டத்தில் இருந்தும் தனியராவர்.

தகடூர் எனப் பண்டு வழங்கிய தருமபுரியை ஈண்டு நினைமின். அவ்வூர்த் தலைவன் அதியமான் நெடுமான் அஞ்சியை நோக்கி ஔவையார் பாடிய புறநானூற்று 92-ஆம் பாடல், யாழிசைக்கு ஒவ்வாததும் பொருள் விளங்காததுமாகிய மழலை தந்தையர்க்கு அருள் சுரப்பிப்பதைக் கூறும். கேளாக் குழவிக்கு அம்மழலை மொழியாய் வளர்தல் அரிது. கருவி வாயிலாகக் கேட்டே அது வளர்தல் வேண்டும். குழவியின் செவியோ நாளும் வளர்வது. ஆதலின் சில திங்கட்கு ஒருமுறை அச்சைப் புதுப்பித்தல் இன்றியமையாதது. சித்தேரி மலையினின்றும் வத்தல்மலையினின்றும் கூலிநாளை இழந்து கீழிறங்கும் தாய், அச்செடுக்க ஒருமுறையும் அணிவிக்க ஒருமுறையும் வருதல் எளிதாகுமோ?

எல்லார்க்கும் செவியச்சு வேண்டுவதில்லையே என்பார் உளர். உண்மையே. தாழ்ந்த ஒலிகளை நன்கு கேட்டு, உயர்ந்த ஒலிகளில் மட்டும் சிறு குறையுடையார்க்குத் திறந்த மென்னுனியே நலம் பயக்கும். ஆயினும் மிகுந்த குறையுடையார்க்கும் குழவிகட்கும் அது போதாது. செலவு மிகும் என்பார்க்குக் கூறுவது இது: அச்சின் விலை கருவியின் விலையில் ஒரு சிறு பங்கே, அப்பங்கை மறுத்தலால் முழு விலையும் வீணாகும்.

தருமபுரி மாவட்டம் தோன்றிய 1965-ஆம் ஆண்டிலேயே அண்டை மாநிலத்து மைசூரில் அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனமும் தோன்றியது. தருமபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடைபெறுகின்றது. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை காதொலிக் கருவிகளை வழங்கி வருகின்றது. அறிவும் உண்டு, நிலையமும் உண்டு, கொடையும் உண்டு. வேண்டுவது இவை மலையூர் வரை சென்று கூடுதலே. மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அச்செடுத்தலும் அணிவித்தலும் நடைபெறல் வேண்டும். அச்சைக் கணினியில் அளந்து முப்பரிமாண அச்சுப்பொறியால் கூடு ஆக்கும் இந்நாளில், பயணம் செய்ய வேண்டுவது அளவேயன்றி ஆளன்று.

கொடுத்த கருவிகளை எண்ணுதலோடு கணக்கை முடித்தல் ஆகாது. ஓராண்டு கழிந்தபின் அவற்றுள் எத்தனை செவியில் உள்ளன, எத்தனை பெட்டியில் உள்ளன என்று எண்ணிப் பார்த்தலே உண்மைக் கணக்காகும்.