ஏர்பேக் சட்டைக்கு யார் காசு கொடுப்பது?

சென்னை அசோக் பில்லர் சிக்னலில் இரவு எட்டு மணிக்கு ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். தூணின் உச்சியில் சிங்கங்கள் நான்கு திசையையும் பார்த்தபடி இருக்கும். கீழே நூறடிச் சாலையில், பச்சை விளக்கு விழுவதற்கு முன்பே வண்டியை முறுக்கிக்கொண்டு நிற்பவர்கள் வீடு வீடாகச் சாப்பாடும் மளிகையும் கொண்டுபோகும் பையன்கள். முதுகில் பெரிய பை, ஹேண்டில்பாரில் செல்போன். பேச்சுக் கொடுத்தால் திண்டிவனம், செய்யாறு, உளுந்தூர்பேட்டை, சங்கராபுரம் என்று ஊர் சொல்வார்கள். அவர்களில் பலர் நம் காலனிப் பிள்ளைகள். ஒருவன் என் அக்கா மகன். பட்டப்படிப்பு முடித்தவன்.

போன வாரம் டீக்கடையில் செல்போனை என் முன்னால் நீட்டினான். மோட்டார்சைக்கிளில் போகும் ஒருவர் தூக்கி எறியப்படுகிறார். தரையில் விழுவதற்குள் அவர் போட்டிருக்கும் கையில்லாத சட்டை பலூன்போல் உப்பிக் கழுத்தையும் மார்பையும் முதுகையும் சுற்றிக்கொள்கிறது. எழுந்து நடக்கிறார்.

"மாமா, இத வாங்கிடலாமா?" என்றான்.

"எவ்வளவுப்பா?"

விலையைச் சொன்னான். அவனுடைய ஒன்றரை மாதச் சம்பாத்தியம். பெட்ரோலையும் வண்டித் தவணையையும் கழித்துப் பார்த்தால் மூன்று மாதம்.

அவன் கேட்டதில் ஆசை எதுவும் இல்லை. ஐப்பசி மழையில், மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய சாலை ஒன்றில் சறுக்கி விழுந்தவன் அவன். தலைக்கவசம் இருந்ததால் தலை பிழைத்தது. காரை எலும்பும் இரண்டு விலா எலும்புகளும் முறிந்தன. இரண்டு மாதம் வருமானம் இல்லை. அவன் ஓட்டிய நிறுவனத்திடம் காப்பீடு கேட்டோம். சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு வெறும் பையோடு திரும்பும்போது விழுந்ததால், அந்த நேரத்தில் அவன் "பணியில் இல்லை" என்று பதில் வந்தது. அந்தச் சட்டை அன்று உடம்பில் இருந்திருந்தால் எலும்பு தப்பியிருக்குமா என்பதுதான் அவன் கேள்வி.

தப்பியிருக்கலாம். அதை மறைக்க வேண்டியதில்லை.

நல்ல கருவிதான்

இந்த யோசனை புதிதல்ல. ஹங்கேரி நாட்டைச் சேர்ந்த தமாஸ் ஸ்ட்ராப் என்பவர் 1976லேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். சட்டையிலிருந்து ஒரு கயிறு வண்டியோடு கொக்கி போட்டு மாட்டப்படும். ஆள் வண்டியை விட்டுத் தூக்கி எறியப்பட்டால் கயிறு வெடுக்கென்று இழுக்கும். சட்டைக்குள் இருக்கும் சின்னக் குப்பியிலிருந்து கரியமில வாயு பாய்ந்து பையை நிரப்பும். எல்லாம் சுமார் பத்தில் ஒரு விநாடியில் நடந்து முடியும். இப்போது கயிறு இல்லாமல் சென்சாரே விபத்தைக் கண்டுபிடிக்கும் வகையும் வந்துவிட்டது. ஜப்பானில் மோட்டார்சைக்கிள் போலீஸார் இதை அணிகிறார்கள். மோட்டோ ஜிபி பந்தய வீரர்களுக்கு 2018 முதல் இது கட்டாயம்.

இது தலையைக் காப்பாற்றாது. தலைக்கவசத்துக்கு மாற்றும் அல்ல. லாரி ஏறினாலோ, பெரும் வேகத்தில் மோதினாலோ பெரிதாக உதவாது. ஆனால் நகரத்துச் சறுக்கலிலும் இடறலிலும் கழுத்து, முதுகுத்தண்டு, நெஞ்சுக்கூடு ஆகியவற்றுக்கு அது ஒரு மெத்தை.

அந்த மெத்தைக்குத் தேவை இருக்கிறது. ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இரு சக்கர வண்டியில் போனவர்கள். தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். மீதமுள்ள ஏறக்குறைய 25 ஆயிரம் சாவுகளுக்குத் தலைக்கவசம் இல்லாததைக் காரணம் சொல்ல முடியாது. அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 சாவுகள்.

ஆகவே "இது பணக்காரர் விளையாட்டுப் பொருள், நமக்கு எதற்கு?" என்று நான் சொல்ல மாட்டேன். பந்தயத்தில் ஓட்டுகிறவனின் முதுகெலும்புக்கு இருக்கும் மதிப்பு, பிரியாணி கொண்டுபோகிறவனின் முதுகெலும்புக்கும் உண்டு. யார் அணிய வேண்டும் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. யார் வாங்கித் தர வேண்டும் என்பதுதான் கேள்வி.

காகிதத்தில் இருக்கும் கவசம்

பாதுகாப்புக் கருவி என்ற பேச்சை நம் மக்கள் ஏற்கெனவே கேட்டவர்கள். கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்தது. கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்பவருக்குத் தர வேண்டிய 44 வகைக் கருவிகளை அதன் விதிகள் வரிசையாகச் சொல்கின்றன. முகமூடி, ஆக்சிஜன், இடுப்புக் கயிறு, காலணி, கையுறை எல்லாம் பட்டியலில் உண்டு. அதன் பிறகும் நம் ஆட்கள் வெறும் உடம்போடு இறங்கிச் செத்தார்கள். சாவு தொடர்ந்ததால்தான் உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் ஒப்பந்தக்காரர் வாயிலிருந்து வரும் முதல் சொல் என்ன? "கொடுத்தோம், அவர்தான் போடவில்லை."

கருவியை வாங்கித் தரும் பொறுப்பும், அணிவதற்கு ஏற்றபடி வேலையை அமைக்கும் பொறுப்பும் முதலாளியின் தலையில் இறுக்கிக் கட்டப்படாவிட்டால், அந்தக் கருவி செத்தவன் மீதே பழி போடத்தான் பயன்படும். ஏர்பேக் சட்டைக்கும் இதே கதி வரக்கூடாது.

நாளைக்கே இதைக் கட்டாயமாக்கினால் என்ன நடக்கும்? தலைக்கவசம் இல்லாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்பது நமக்குத் தெரியும். அந்த ரசீது யார் கையில் அதிகம் விழுகிறது என்பதும் தெரியும். தலைக்கவசம் போடாததைக் காட்டி விபத்து இழப்பீட்டைக் குறைத்த தீர்ப்புகளும் உண்டு. இந்தச் சட்டையும் ஓட்டுகிறவனின் கடமையாகிவிட்டால், இழப்பீட்டில் கழிக்க இன்னொரு காரணம் கிடைத்துவிடும்.

கிராமத்தில் நிலைமை இன்னும் சிக்கல். பெயிண்டிங்குக்கும் சென்ட்ரிங்குக்கும் விடியற்காலையில் நாற்பது கிலோமீட்டர் போகும் நம் பையன்கள் ஒரு வண்டியில் மூன்று பேராகப் போகிறார்கள். திமிரினால் அல்ல, அந்த நேரத்துக்குப் பேருந்து இல்லாததால். அவர்களிடம் போய் ஏர்பேக் வாங்கு என்று சொன்னால் சிரிப்பார்கள். அவர்களுக்கு முதல் பாதுகாப்பு, ஐந்தரை மணிக்கு ஒரு பேருந்து. இரண்டாவது பாதுகாப்பு, சாலையோரம் வாங்கிய ஓட்டுத் தொப்பிக்குப் பதில் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள தலைக்கவசம். இரு சக்கர வண்டி விற்கும்போதே தரமான தலைக்கவசம் ஒன்றைத் தர வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. வண்டி வாங்கும் தம்பிகள் அதைக் கேட்டு வாங்குங்கள்.

நமக்கு வண்டி என்றால் என்ன

இந்தப் பத்தியில் மோட்டார்சைக்கிள் பற்றி எதற்கு எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். சேரித் தெருவைத் தாண்டியதும் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போன தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் நாம். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மானாமதுரை அருகே ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. அவர் புல்லட் ஓட்டியதுதான் காரணம், சாதியைச் சொல்லித்தான் வெட்டினார்கள் என்பது குடும்பத்தின் புகார். வண்டியில் உட்காருவதே நமக்கு ஒரு உரிமைப் போராட்டம். அப்படிக் கிடைத்த வண்டியை இன்று நம் பிள்ளைகள் பிழைப்புக்காக உயிரைப் பணயம் வைத்து ஓட்டுகிறார்கள்.

எவ்வளவு நேரம் ஓட்டுகிறார்கள் என்பதிலும் சாதி இருக்கிறது. செயலி வழியே வேலை செய்யும் ஓட்டுநர்கள், விநியோக ஊழியர்கள் பத்தாயிரம் பேருக்கு மேல் கேட்டு எடுத்த ஓர் ஆய்வு 2024இல் வந்தது. வாடகைக் கார் ஓட்டுநர்களில் பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் நாளுக்கு 14 மணி நேரத்துக்கு மேல் ஓட்டுகிறார்கள் என்றது அது. பொதுப் பிரிவினரில் அப்படி ஓட்டுபவர்கள் 16 சதவீதம்தான். நிலமோ சேமிப்போ இல்லாதவன் கடனை அடைக்கக் கூடுதல் நேரம் ஓட்டுகிறான். கூடுதல் நேரம் ஓட்டுகிறவன் கண் அசந்து விழுகிறான். பதினான்காவது மணி நேரத்தில் வரும் தூக்கத்தை எந்தச் சட்டையும் தடுக்காது.

சட்டை அணிய வேலையும் இடம் கொடுக்க வேண்டும். கயிறு மாட்டும் வகை என்றால் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் கழற்ற வேண்டும், ஏறும்போது மாட்ட வேண்டும். ஒரு நாளில் முப்பது வீட்டுப் படி ஏறுகிறவன், நிமிடக் கணக்கில் நட்சத்திரம் பெறுகிறவன், எத்தனை முறை மாட்டுவான்? முதுகில் பெரிய பை இருந்தால் சட்டை விரிய இடம் எங்கே? சித்திரை வெயிலில் பன்னிரண்டு மணி நேரம் அதை எப்படிப் போட்டிருப்பது? பையை முதுகிலிருந்து இறக்கி வண்டியில் பெட்டியாகப் பொருத்த வேண்டும். விரைவுக்குத் தரும் ஊக்கத்தொகையை நிறுத்த வேண்டும். இதெல்லாம் நிறுவனத்தின் வேலை.

யார் முதலாளி?

அசோக் பில்லரிலிருந்து சற்றுத் தூரத்தில், கே.கே. நகரில் இஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான அந்தக் காப்பீட்டுக்கு இப்போது முதலாளி சம்பளத்தில் 3.25 சதவீதம் கட்டுகிறார், தொழிலாளி 0.75 சதவீதம் கட்டுகிறார். என் அக்கா மகன் அந்த வாசலைத் தினமும் கடக்கிறான். அவனுக்கு அந்த அட்டை கிடையாது. அவன் "தொழிலாளி" இல்லை, "பங்குதாரர்" என்கிறது செயலி. லாபத்தில் பங்கு கிடையாது. விழுந்தால் வலி மட்டும் முழுப் பங்கு.

வேலையில் அடிபட்டவருக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்று 1923லேயே சட்டம் வந்துவிட்டது. பாபாசாகேப் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது, ஆலைத் தொழிலாளியின் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தார். தொழிலாளியின் உடம்பு எவ்வளவு தாங்கும் என்பதை முதலாளியின் விருப்பத்துக்கு விடக்கூடாது என்பதுதான் அதன் பொருள். பெயரை மாற்றி வைத்தால் அந்த உடம்பு மாறிவிடுமா?

வழி இல்லாமல் இல்லை. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. செயலி நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை தொழிலாளர் நல நிதிக்குத் தர வேண்டும் என்கிறது அது. தமிழ்நாட்டில் 2023 டிசம்பரிலேயே இணையம் சார்ந்த கிக் தொழிலாளர் நல வாரியம் அமைக்கப்பட்டது. 2025இல் சென்னை மாநகராட்சி இவர்களுக்காகக் குளிரூட்டப்பட்ட ஓய்விடமும் திறந்தது. உட்கார இடம் கொடுத்தது நல்லது. விழுந்தால் தாங்கவும் ஏதாவது வேண்டும்.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. ஏர்பேக் சட்டைக்கு ஐரோப்பாவில் ஈஎன் 1621-4 என்ற தர அளவு இருப்பதுபோல், நம் வெயிலுக்கும் நம் வேகத்துக்கும் ஏற்ற தரத்தை இந்தியத் தர நிர்ணய அமைப்பு வகுக்கட்டும். உள்ளூரில் செய்தால் விலை இறங்கும். வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களுக்கு அதைச் செயலி நிறுவனங்கள் சொந்தச் செலவில் தரட்டும். ஒரு முறை வெடித்தால் குப்பியை மாற்றும் செலவும் அவர்களுடையதே. சட்டை அணியாததைக் காட்டி அபராதமோ இழப்பீட்டுக் கழிவோ கூடாது. செயலியைத் திறந்ததிலிருந்து மூடும் வரை, கையில் ஆர்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது பணி நேரமாகக் கணக்கிடப்படட்டும்.

மாணவர்களுக்கு

படித்துக்கொண்டே பகுதி நேரமாக ஓட்டும் தம்பி தங்கைகளுக்குச் சில விவரங்கள். நல வாரியத்தில் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் சாலை விபத்து நடந்தால், "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை அதில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனையிலும் இலவசம். மோதிவிட்டு ஓடிய வண்டி அடையாளம் தெரியாவிட்டாலும், 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள திட்டத்தில் மரணத்துக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50 ஆயிரம் ரூபாய் உண்டு. இதை உங்கள் தெருவில் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு சோழரையும் பாண்டியரையும் பெயர் சொல்கிறது. மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம் செய்ததையும், வழிநெடுகக் கிணறு வெட்டி மரம் நட்டதையும் சொல்கிறது. வழிப்போக்கனிடம் "உன் நிழலை நீயே தூக்கிக்கொண்டு வா" என்று அந்த அரசன் சொல்லவில்லை. சாலையில் போகிறவனின் உடம்பு அரசின் பொறுப்பு என்று இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டிவைத்தான்.

அக்கா மகனிடம் இப்போது வாங்க வேண்டாம் என்று சொன்னேன். சொல்லிவிட்டேனே தவிர, அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மழைக்காலம் மறுபடி வரும். வாரியத்துக்குக் கொடுக்க மனு ஒன்று எழுதிவைத்திருக்கிறேன். அவன் முதல் கையெழுத்துப் போட்டான். சிக்னலில் நிற்கும் அவன் கூட்டாளிகளிடம் மற்றக் கையெழுத்துகளை வாங்கிக்கொண்டிருக்கிறோம்.