கேட்கவும் கற்ற வைத்தியர் வேண்டும்

வைத்தியக் கல்வி பயிலும் நம் இளைஞருட் பலர், நோயாளியோடு உரையாடுதலைக் கற்கவேண்டியதொரு பாடமாகக் கருதுவதில்லை. உடற்கூறும் மருந்தியலும் அரிய பாடங்கள். பேச்சோ தானே வருவது என்பது அவர் எண்ணம். இவ்வெண்ணம் பிற நாடுகளிலும் உண்டு. 2002 இல் இங்கிலாந்தில் ரீஸ் முதலிய ஆய்வாளர், இக்கல்விபற்றி மருத்துவ மாணவர் கொண்ட மனப்பாங்கை அளத்தற்கு 26 கூற்றுகளை வகுத்தனர். அவற்றுட் பாதி சார்பானவை, பாதி எதிரானவை. இதனைக் கற்க நேரமில்லை என்பதும், பேசத் தெரியாமையால் எவரும் பட்டம் இழப்பதில்லை என்பதும் எதிர்க்கூற்றுகளிற் சில.

இவ்வெண்ணத்தின் விலையை அறிய விரும்புவோர் மலைநாட்டுக்கு வருக. இந்திய உதவியுடன் 150 கட்டில்களோடு அமைந்த டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலை 2017 இல் திறக்கப்பட்டது. இத்தகைய கட்டடங்கள் பெரிதும் வேண்டற்பாலன. எனினும், தமிழறியாத வைத்தியர்முன் சிங்களமறியாத கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி அமர்ந்தால், மொழிபெயர்க்க அவள் மகனையோ சிற்றூழியரையோ அழைக்க நேர்கின்றது. பெண்களுக்கேயுரிய நோயை மகன் வாயிலாக ஒரு தாய் எங்ஙனம் உரைப்பாள்? 1987 இல் 13 ஆம் திருத்தம் தமிழை அரசகரும மொழியாக்கிற்று. நோயாளியின் கட்டிலருகே அதனை வழங்கச் செய்வது வைத்தியர் கடன்.

தமிழ் மாணவர்க்கு இக்குறையில்லை என்பாருமுளர். யாழ்ப்பாணத்து இளைஞர் "சத்தி எடுத்ததா?" என்று வினவுவார். "வாந்தி" என்றே வழங்கும் தோட்டத்துப் பெண், பொருள் விளங்காவிடினும் மரியாதை கருதித் தலையசைப்பாள். அத்தலையசைப்பும் நோய்க்குறிப்பில் ஏறிவிடும். "ஒரு கிழமை ஓய்வெடுங்கள்" என்பார் வைத்தியர். கொழுந்தின் நிறை குறைந்தாலே அரைப்பேர் விழும் அவளுக்கு, ஒரு கிழமை என்பது அடுப்பெரியாத கிழமை. அதனை அவள் சொல்லமாட்டாள். வைத்தியரே வினவியறிதல் வேண்டும். வினவாதவழி, எழுதிக் கொடுத்த மருந்து சரியாயினும் வைத்தியம் தவறிவிடும்.

நம்மவர்க்கு இதில் நல்ல முன்மாதிரியுண்டு. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் 60 இற்கு மேற்பட்ட மாணவரைப் பயிற்றினார். தமிழைக் கற்று, மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கி, பின்னாளில் தமிழிலேயே பாடஞ் சொன்னார். பிறநாட்டார் ஒருவர் மேற்கொண்ட உழைப்பு நம் மாணவர்க்கு மிகையாகுமோ?

அநுபவத்தால் இத்திறன் தானே வரும் என்பதும் முழுதும் பொருந்தாது. திருத்துவார் இல்லாத அநுபவம் பிழையையே பழக்கமாக்கும். ஆதலின், மூன்று செய்திகளைப் பரீட்சைக்குரிய பயிற்சியாக்குதல் வேண்டும். நோயாளி சொல்லி முடிக்கும்வரை இடைமறியாது கேட்டல். மருந்துண்ணும் முறையை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லுவித்தல். தோட்டத்து வழக்குச் சொற்களையும் தொழில் முறையையும் அறிதல். சிங்கள மாணவர் தமிழும், தமிழ் மாணவர் சிங்களமும் பயிலுதல் இவற்றோடு சேர்வதாகுக.

வைத்தியத்தின் நான்கு கூறுகளை எண்ணிய வள்ளுவர், நோயாளியை முதலிலும் வைத்தியரை அடுத்தும் வைத்தார். நம் கல்லூரியிலிருந்து வைத்தியத் துறை புகும் இளைஞர், அவ்வரிசையை மனத்திற்கொண்டு மலையேறுவாராக.