வலையைக் கண்டு பெயரிடலாமா?

பனிக்காலத்து விடியலில் டில்லியின் புல்வெளிகளில் நடப்போர், பனித்துளி தங்கிய வெண்தாள் போன்ற வலைகளைக் காண்பர். அவற்றைத் தாள்வலைச் சிலந்தியின் வலை என்று மாணவர்க்குக் கூறுவது எளிது. பதிவேட்டில் அவ்வாறே குறித்துவிடுவது அதனினும் எளிது. ஆயின் அக்குறிப்புப் பல வேளைகளில் பிழையாகவே முடியும்.

நம் சமவெளிப் புல்தரைகளில் இத்தகைய வலையைப் பின்னுவது பெரும்பாலும் ஹிப்பாசா என்னும் பேரினமாகும். இஃது ஓநாய்ச் சிலந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் வலையில் புனல் போன்றதொரு குழாய் உண்டு; அதிற் பதுங்கியிருக்கும் சிலந்தி, வலையின் மேற்புறத்தில் ஓடி வந்து இரையைப் பற்றும். லினிஃபிடே குடும்பத்துத் தாள்வலைச் சிலந்தியோ குழாய் அமைப்பதில்லை. வலையின் அடிப்புறத்தில் தலைகீழாகத் தொங்கும். முன்னதன் 8 கண்கள் 4, 2, 2 என மூன்று வரிசையாகவும், பின்னதன் கண்கள் நான்கு நான்காக இரண்டு வரிசையாகவும் அமைந்துள்ளன. ஒரு கைக்கண்ணாடி இருந்தால் இவ்வேற்றுமையைக் காணலாம்.

பேரினத்தை வரையறுப்பது இதனினும் கடினம். 1804இல் லத்ரேய் நிறுவிய லினிஃபியாவில் காலப்போக்கில் பற்பல இனங்கள் சேர்க்கப்பட்டன. 1969இல் வான் ஹெல்ஸ்டிங்கன் இனப்பெருக்க உறுப்புக்களை ஆராய்ந்து அவற்றை வகைப்படுத்தினார். பல இனங்கள் 1833இல் பிளாக்வால் அமைத்த நெரியேனுக்கு மாற்றப்பட்டன. இந்தியாவில் டிகாதர் 1970இல் சிக்கிமிலிருந்தும், 1977இல் நிக்கோபாரிலிருந்தும் லினிஃபியா என்ற பெயரில் இனங்களை விவரித்தார். பனிமலையின் அடிவாரமும் வெப்பத் தீவும் ஒரே பேரினத்தின் உறைவிடமா என்பதை வலையின் தோற்றம் கூறாது. முதிர்ந்த ஆண், பெண் மாதிரிகளே கூறும்.

இது வெறும் பெயர்ச் சிக்கலன்று. ஆசிய நெல்வயல்களில் இக்குடும்பத்தைச் சார்ந்த அட்டிபெனா என்னும் சிறு சிலந்தி தத்துப்பூச்சிகளை உண்கிறது. எச்சிலந்தி எங்குள்ளது என்பதை அறியாமல் மருந்து தெளிப்போர், உழவரின் துணையையே அழித்துவிடுதல் கூடும்.

பரவல் படத்தில் வெற்றிடமாய்த் தோன்றும் பகுதி, சிலந்தி இல்லாத பகுதி என்று பொருள்படாது. அங்கு எவரும் தேடவில்லை என்பதாகவும் இருக்கலாம். ஆதலின் களப்பணியாளர் இனத்தின் பெயரை ஊகித்து எழுதுவதைக் காட்டிலும், இடம், நாள், தரையினின்று வலையின் உயரம், சிலந்தி இருந்த பக்கம் ஆகியவற்றைக் குறித்து, மாதிரியைச் சாராயத்தில் இட்டு வைப்பதே நன்று. ஆசிரியரும், "இதன் பெயர் யாது?" என்பதற்கு முன்னர், "சிலந்தி வலையின் மேலா, கீழா?" என்று மாணவரை வினவுதல் வேண்டும். பெயரைப் பின்னர்த் திருத்திக்கொள்ளலாம். குறிக்கத் தவறிய இடத்தையும் நாளையும் எவராலும் மீட்க இயலாது.