வலீமா விருந்தில் கேக்

இலங்கையில் சம்பந்தம் செய்துகொண்டோர் அந்நாட்டுத் திருமண கேக்கைச் சுவைத்திருப்பீர்கள். ரவை, முந்திரிப்பருப்பு, உலர்திராட்சை, நீற்றுப்பூசணிப் பாகு, இஞ்சிப் பாகு, ஏலம், கறுவா, பன்னீர் யாவும் சேர்ந்தது. சிறு துண்டுகளாகத் தாளில் பொதிந்து விருந்தினர் கையில் கொடுத்தனுப்புவர். வர இயலாதோர் பங்கும் வீடு தேடிச் செல்லும். அழகிய வழக்கமே!

ஆயினும், பழங்களைப் பிராந்தியில் ஊறவைப்பது பரவலான செய்முறை. வேகும்போது அது முழுவதும் ஆவியாகிவிடும் என்பது தவறு. ஓரளவு எஞ்சவே செய்யும். ஆகவே, கேக் செய்யச் சொல்லும்போதே கேட்டறியுங்கள். ஆரஞ்சுச் சாற்றிலோ தேயிலைச் சாயத்திலோ ஊறவைக்கச் சொல்லுங்கள். அவ்வாறு செய்தது நெடுநாள் தாங்காது. விருந்து நெருங்கியபின் செய்விப்பதே நலம்.

நம்மை நம்பி வாயிலிடும் விருந்தினர்க்கு நாமன்றோ பொறுப்பு?