மானாம்பதியிலிருந்து கல்லூரிக்கு எத்தனை தொலைவு?

காஞ்சியின் கல்விப் பெருமையைப் பேசாத தமிழ்மேடை இல்லை. கடிகை விளங்கிய நகரம் என்போம். கதம்ப குலத்து மயூரசருமன் பயில வந்த நகரம் என்போம். நாளந்தாவில் தலைமை ஏற்ற தருமபாலரை ஈன்ற நகரம் என்போம். யாவும் மெய்யே. ஆயினும் மானாம்பதிக் கூட்டுச்சாலையில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு நின்று பார்ப்போர்க்கு அப்பெருமிதம் சற்றே தளரும். மஞ்சள் வண்ண வேன்கள் சீருடைப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு தனியார் பள்ளிகளுக்கு விரைகின்றன. அவ்வேனுக்குப் பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் அரசுப் பள்ளி நோக்கி நடக்கின்றனர். பன்னிரண்டாம் வகுப்பை முடித்த இளைஞர்களோ தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்து நிற்கின்றனர். கல்லூரிக்குச் செல்லும் பேருந்தை எதிர்பார்த்து நிற்போர் அக்கூட்டத்தில் ஒரு பகுதியினரே.

உத்திரமேரூர்க் கல்வெட்டை நம் மாணவர் அனைவரும் அறிவர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அக்குடவோலை விதிகளை மக்களாட்சியின் தொட்டில் என்று போற்றுகிறோம். அதே கல்வெட்டு, குடவோலையில் பெயர் இடப்பெறுவோர்க்குக் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் வேண்டும் என்கிறது. நிலம் குறைந்தவர்க்கு விலக்கு உண்டு. அவ்விலக்கும் மேலும் கற்றவர்க்கே. கல்வி அன்று ஒரு வேலியாக நின்றது என்பதை நாம் வகுப்பில் விரைந்து கடந்துவிடுகிறோம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று கல்லூரியையும் அதன் விடுதியையும் பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையையும் பேசுகிறது. மாணவர்க்கு உணவும் பாயும், விளக்கெரிக்கவும் தலைமுழுகவும் எண்ணெயும் அளித்தனர். பயில வருபவனின் வயிற்றையும் உறக்கத்தையும் கருதாமல் கல்வி நடவாது என்பதை அக்காலத்தார் நன்கு உணர்ந்திருந்தனர். அங்கே பயிலும் உரிமைதான் சிலர்க்கே இருந்தது.

அவ்வுரிமையை எல்லார்க்கும் ஆக்கியது அரசுப் பள்ளி. காமராசர் காலத்து மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், 2022இல் தொடங்கிய காலை உணவும் திருமுக்கூடலின் எண்ணெயையும் பாயையும் ஊர்தோறும் கொண்டுசென்றவை என்றே கருதுகிறோம்.

அவ்வாறாயின் வேன் ஏன் ஓடுகிறது? பாடத்திட்டம் வேறு என்று முன்பு கூறினர். 2011ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் சமச்சீர்க் கல்வி எல்லா வகுப்பிலும் நடைமுறைக்கு வந்தது. மெட்ரிகுலேசன் பள்ளியும் அரசுப் பள்ளியும் ஒரே பாடத்திட்டத்தைப் பின்பற்றுகின்றன. பாடம் ஒன்றானபின் எஞ்சியவை ஆங்கில வழி என்னும் பெயரும், கழுத்துப்பட்டையும், அண்டை வீட்டார் பார்வையுமே. நெல் விற்ற காசும் தறியில் நெய்த கூலியும் அதற்குச் செல்கின்றன. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளியின் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு இருபத்தைந்து இடத்தை நலிந்தோர்க்கு ஒதுக்கி, அதற்குரிய கட்டணத்தை அரசு ஈடுசெய்யும் என்றது. நோக்கம் நன்று. ஆயினும் அரசே தன் பணத்தால் தன் பள்ளியின் பிள்ளையை வேறு பள்ளிக்கு அனுப்பிவைக்கும் விந்தை இதில் உண்டு. சிற்றூர்ப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் பணியிடம் குறையும். ஆசிரியர் குறைந்தால் பிள்ளைகள் மேலும் குறைவர். இதனை நாம் ஏற்பதற்கில்லை.

இவ்வாறு எழுதும் நம் வீட்டுப் பிள்ளைகளும் வேனில்தான் சென்றனர். தமிழ் கற்பித்து ஊதியம் பெறுவோர் தம் பிள்ளைகளை ஆங்கில வழியில் சேர்த்துவிட்டு, உழவரின் பிள்ளை தமிழ் இலக்கியம் பயில வரவில்லையே என்று துறைக்கூட்டத்தில் வருந்துகிறோம். அவ்வுழவர் நம்மைப் பார்த்தே கற்றுக்கொண்டார்.

உயர்கல்விக்கு வருவோம். அரசுப் பள்ளி மாணவர்க்கு 2020இல் மருத்துவத்திலும், 2021இல் பொறியியல் முதலிய தொழிற்கல்வியிலும் ஏழரை விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைத்தது. 2022இல் புதுமைப்பெண் திட்டம் வழி மாணவியர்க்கும், 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டம் வழி மாணவர்க்கும் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. நகரப் பேருந்தில் பெண்டிர்க்கு 2021 முதல் கட்டணம் இல்லை. செய்யாற்றில் 1967 முதல் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. காஞ்சியில் 1947 முதல் பச்சையப்பன் கல்லூரி இருக்கிறது. உத்திரமேரூரை ஒட்டியும் அரசு கலை அறிவியல் கல்லூரி வந்துவிட்டது. கதவுகள் முன்னைவிடப் பல.

எதிரே தொழிற்சாலையின் கதவும் திறந்திருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் உருவாகத் தொடங்கியது முதல் திருப்பெரும்புதூர், ஒரகடம் என அது விரிந்துகொண்டே வருகிறது. செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலை பெண்களைப் பெருந்தொகையாக வேலைக்கு அமர்த்துகிறது. பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு முழு மாத ஊதியம் ஒருபுறம். கல்லூரிக்குச் சென்றால் ஆயிரம் ரூபாய் மறுபுறம். வீட்டில் கடன் இருக்குமாயின் எது வெல்லும் என்பதைக் கூறவேண்டுவதில்லை. அப்பெண் பெறும் ஊதியத்தை நாம் இகழவில்லை. தந்தையின் கடனை அடைத்த பெண்கள் பலர். முப்பது வயதுக்கு மேல் அவ்வேலை அவளுக்கு இருக்குமா என்பதே நம் கேள்வி.

நம் துறைக்கு வந்த ஒரு தந்தையை நினைக்கிறோம். மகளை இளங்கலைத் தமிழில் சேர்க்க வந்தவர். மானாம்பதிப் பக்கத்துக் குடியானவர். படிவத்தில் கையொப்பமிடுமுன், “இதைப் படிச்சா பொண்ணுக்கு என்ன வேலைங்க ஐயா கிடைக்கும்?” என்றார். ஆசிரியப் பணிக்குப் பி.எட். பயிலலாம், தகுதித் தேர்வு எழுதலாம், தேர்வாணையத் தேர்வுகளில் தமிழ்த்தாள் கட்டாயமாகிவிட்டது என்றெல்லாம் அடுக்கினோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கட்டணம் எவ்வளவுங்க?” என்றார். உதவிபெறும் பிரிவில் இடம் நிறைந்திருந்தது. சுயநிதிப் பிரிவின் தொகையைக் கூறினோம். மறுநாள் வருவதாகச் சொல்லிச் சென்றார். வரவில்லை.

ஒரே கட்டடம், ஒரே கரும்பலகை, ஒரே தொல்காப்பியம். காலையில் ஒரு கட்டணம். மாலையில் வேறு கட்டணம். ஆசிரியர் ஊதியமும் அவ்வாறே. 1984இல் பொறியியல் கல்லூரிகளில் தொடங்கிய சுயநிதி முறை பின்னர்க் கலைக் கல்லூரிக்குள்ளும் நுழைந்தது. புதிய பிரிவுகளுக்கு அரசின் மானியம் கிட்டாதபோது நிருவாகம் வேறென் செய்யும் என்பர். அது மறுக்க இயலாத நியாயம். எனினும் நம் முன்னோர் எதற்காகக் கல்லூரி கண்டனர்? வாணியம்பாடியில் 1919இல் இசுலாமியாக் கல்லூரியும், 1951இல் சென்னையில் புதுக்கல்லூரியும் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியும், 1965இல் மேல்விசாரத்தில் அப்துல் ஹக்கீம் கல்லூரியும் எழுந்தன. வணிகப் பெருமக்கள் தம் கைப்பொருளை ஈந்தனர். படிப்பில் பின்தங்கிய சமுதாயம் ஒன்று தன் பிள்ளைகளைக் கரையேற்றக் கட்டிய ஓடங்கள் அவை. அவற்றில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் ஏறினர். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் மொழியை அங்கே இந்து மாணவரும் முசுலிம் மாணவரும் ஒரே பலகையில் அமர்ந்து பயின்றனர், பயில்கின்றனர். நம் வகுப்புகளில் நாம் மிகவும் விரும்புவது அக்காட்சியையே.

எனவே நிருவாகப் பெரியோரிடம் ஒன்று வேண்டுகிறோம். சுயநிதிப் பிரிவின் இலாபமும் நட்டமும் எல்லாத் துறைக்கும் ஒன்றாகவே கணக்கிடப்படட்டும். கணினித் துறையும் வணிகவியல் துறையும் ஈட்டுவதில் ஒரு பங்கு தமிழ்த்துறைக்கு வரட்டும். இளங்கலைத் தமிழில் சேரும் அரசுப் பள்ளி மாணவர்க்கு மாலைப் பிரிவிலும் உதவிபெறும் பிரிவின் கட்டணமே இருக்கட்டும். பிற துறையார் முகம் சுளிக்கலாம். அவர்தம் மாணவர்க்கும் முதற்பகுதித் தமிழை நாம்தானே நடத்துகிறோம்!

நம் துறையும் கைகட்டி அமர்ந்திருத்தல் ஆகாது. சேர்க்கைக்கு வருவோரை எதிர்பார்த்து மேசைக்குப் பின்னே இருப்பதே நம் வழக்கம். பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வெளிவரும் வாரத்தில், தொழிற்சாலைப் பேருந்து முந்துவதற்குள், துறையின் ஆசிரியர் இருவர் விண்ணப்பப் படிவங்களுடன் மானாம்பதி அரசுப் பள்ளிக்குச் சென்று, பெற்றோரை அங்கேயே சந்திக்கலாம். முதற்பயணத்துக்கு நம் பெயரைக் கொடுத்துவிட்டோம். உடன் வருவோர் துறைத்தலைவரிடம் பெயர் தருக.