கருமையாகும் கணினித் திரை: பழுது கிராஃபிக்ஸ் அட்டையிலா, டிரைவரிலா?

புது தில்லி: விளையாட்டின் நடுவே கணினித் திரை திடீரெனக் கருமையானால், கிராஃபிக்ஸ் அட்டை பழுதாகிவிட்டதாகவே பலரும் முடிவு செய்கின்றனர். ஆனால், அட்டையை இயக்கும் டிரைவர் மென்பொருளையும் அதே அளவு சந்தேகிக்க வேண்டும் என்பதை 2025-ஆம் ஆண்டின் நிகழ்வுகள் உணர்த்துகின்றன.

என்விடியா நிறுவனம் ஆர்டிஎக்ஸ் 50 வரிசை அட்டைகளுக்காக 2025 ஜனவரி இறுதியில் 572.16 டிரைவரை வெளியிட்டது. அதையடுத்து, திரை கருமையாவதாகவும் கணினி முடங்குவதாகவும் புகார்கள் எழுந்தன. முந்தைய வரிசை அட்டைகளை வைத்திருந்தோரும் பாதிக்கப்பட்டனர். ஏப்ரலில் வெளியான 576.02 பதிப்பு பல குறைகளைக் களைந்தது. எனினும், கணினி உறக்க நிலையிலிருந்து மீண்ட பின் அட்டையின் வெப்பநிலை சரியாகக் காட்டப்படாத புதிய குறை அதில் தென்பட்டதால், மற்றொரு அவசரத் திருத்தம் தேவைப்பட்டது.

சில வேளைகளில் காரணம் டிரைவருக்கும் வெளியே இருக்கிறது. அக்டோபரில் வந்த விண்டோஸ் 11 புதுப்பிப்புக்குப் பின் சில விளையாட்டுகளின் வேகம் குறைந்ததாகக் கூறி, நவம்பரில் என்விடியா தனித் திருத்தம் வழங்கியது.

எனவே, சிக்கல் எந்த நாளில் தொடங்கியது என்பதே முதலில் எழுப்ப வேண்டிய கேள்வி. டிரைவரைப் புதுப்பித்த பிறகு எனில், டிவைஸ் மேனேஜரில் உள்ள 'ரோல் பேக் டிரைவர்' வசதி மூலம் முந்தைய பதிப்புக்குத் திரும்பலாம். அதிலும் தீராவிடில், சேஃப் மோடில் 'டிடியு' என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு டிரைவரை முழுமையாக நீக்கி, மீண்டும் நிறுவலாம். அவ்வேளையில் இணைய இணைப்பைத் துண்டிக்காவிடில், விண்டோஸ் தானாகவே வேறொரு டிரைவரை நிறுவிவிடக்கூடும். நன்கு இயங்கிய பழைய பதிப்பிலும் சிக்கல் நீடித்தால், அட்டையின் வெப்பம், மின்வழங்கி, இறுதியாக அட்டை என ஒவ்வொன்றாகச் சோதிப்பதே முறை. இந்த வரிசையைப் பின்பற்றினால், புதிய அட்டைக்கான வீண் செலவைத் தவிர்க்க வாய்ப்புண்டு.

ஆயினும், பழைய பதிப்பிலேயே நிலைத்திருப்பதும் நிரந்தரத் தீர்வாகாது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்களும் புதிய டிரைவர்களிலேயே வருகின்றன. இச்சிக்கல் ஜிடிஎக்ஸ் 1060 போன்ற பழைய அட்டைகளை வைத்திருப்போருக்குக் கூடுதலாகும். இவற்றுக்கான வழக்கமான விளையாட்டு டிரைவர்கள் 2025 அக்டோபருடன் நிறைவடையும் என்றும், அதன்பின் 2028 அக்டோபர் வரை காலாண்டுக்கு ஒருமுறை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும் என்றும் என்விடியா அறிவித்துள்ளது. அட்டை நல்ல நிலையில் இருந்தாலும், புதிய விளையாட்டுகளில் எழும் குறைகளுக்கு இனி தீர்வை எதிர்பார்க்க இயலாது. அட்டையின் ஆயுளை வன்பொருளைக் காட்டிலும் மென்பொருள் ஆதரவே தீர்மானிக்கும் நிலை உருவாகியுள்ளது.