சாவி யார் கையில்? பழி யார் தலையில்?

யந்திரத்துக்குக் கை முளைத்துவிட்டது, இனி மனிதன் மேற்பார்வை பார்த்தால் போதும் என்று கம்ப்யூட்டர் கம்பெனிகளின் விளம்பரக்காரர்கள் தம்பட்டம் அடிக்கிறார்கள்.

முளைத்தது கையா? பார்ப்போம், தோழர்களே!

சாட்ஜிபிடி, கிளாட் போன்ற ஏ.ஐ. மாடல்கள் எழுத்தை வாங்கி எழுத்தைத் தருபவை. கை கிடையாது. கம்ப்யூட்டருக்கு ப்ரோகிராம் எழுதுகிறவர் கோட் எடிட்டர் என்ற பட்டறையில்தான் வேலை செய்கிறார். இப்பொழுது அந்தப் பட்டறையில் டூல் சர்வர் என்று ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். நமது ஆலை ஸ்டோர் கீப்பர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ன காரியம் செய் என்று மாடல் சீட்டு எழுதும். எடிட்டர் அதைச் சர்வரிடம் கொண்டுபோய்க் கொடுக்கும். பைலைத் திறப்பதும், திருத்துவதும், அழிப்பதும் சர்வர். நடந்ததை எழுதித் திருப்பி அனுப்பும்.

சீட்டு எப்படி இருக்கவேண்டும் என்று ஆந்த்ரோபிக் கம்பெனி 2024 நவம்பரில் ஒரு பொது விதி வெளியிட்டது. எம்.சி.பி. என்று பெயர். 2025 மார்ச்சில் போட்டிக் கம்பெனி ஓபன் ஏ.ஐ.யும் ஏற்றுக்கொண்டது. 10 மாடல்களை 20 கருவிகளோடு தனித்தனியே இணைத்தால் 200 இணைப்பு. பொது விதி இருந்தால் 30 போதும். நல்ல காரியம்தான். நாம் யந்திரத்துக்கு விரோதிகள் அல்ல.

ஆனால் எது எஜமானின் உத்தரவு, எது வழியில் கிடந்த காகிதம் என்று மாடலுக்கு நிச்சயமாகப் பிரித்தறியத் தெரியாது. 2025 மே மாதம் இன்வேரியன்ட் லேப்ஸ் ஆராய்ச்சியாளர்கள் இதை நிரூபித்தார்கள். கிட்ஹப்பில் எவரும் எழுதக்கூடிய இடத்தில் வஞ்சகமான ஒரு மனுவை எழுதி வைத்தார்கள். மனுக்களைப் பார் என்று சொன்னதும், மாடல் அதைப் படித்தது. அதிலிருந்ததை உத்தரவாக எடுத்துக்கொண்டது. பூட்டியிருந்த சொந்தக் கிடங்கிலிருந்து விவரங்களை எடுத்துவந்து பொது இடத்தில் ஒட்டியது! பூட்டை யாரும் உடைக்கவில்லை. கொடுத்த சாவியைத்தான் உபயோகித்தது.

அதே வருஷம் செப்டம்பரில் இன்னொரு கூத்து. போஸ்ட்மார்க் கம்பெனியின் பெயரைப் போட்டுக்கொண்டு, அந்தக் கம்பெனிக்குச் சம்பந்தமேயில்லாத ஒருவர் விட்ட டூல் சர்வர் 15 பதிப்புவரை ஒழுங்காக இருந்தது. 1.0.16 என்ற பதிப்பில் ஒரே ஒரு வரி சேர்ந்தது. அனுப்பிய ஈமெயிலின் நகலெல்லாம் அந்நியன் கைக்குப் போயிற்று.

அனுமதிப் பொத்தான் இருக்கிறதே, மனிதன் மறுக்கலாமே என்று வக்காலத்து வாங்குகிறார்கள். விதியிலும் எழுதியிருக்கிறது. எப்படி? ‘ஷுட்’ என்று! ‘மஸ்ட்’ என்று அல்ல. தக்க காரணம் இருந்தால் விட்டுவிடலாம் என்பதே இத்தகைய விதிகளில் அந்தச் சொல்லுக்குப் பொருள். ஓடுகிற யந்திரத்துக்குக் காப்பு போட்டே தீரவேண்டும் என்று 1948 பாக்டரிச் சட்டத்தின் 21-வது பிரிவு எழுதியது. போட்டால் நல்லது என்று எழுதியிருந்தால் எந்த முதலாளி போட்டிருப்பான்? விரல் போனவர்களைக் கேளுங்கள்.

போகட்டும், பொத்தானை அமுக்குகிறவன் நிலை என்ன? சீட்டு வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றையும் படித்தால் வேலை மந்தம் என்று மானேஜர் சீறுவார். ‘எப்போதும் அனுமதி’ என்று வேறொரு பொத்தான் பக்கத்திலேயே தயாராக இருக்கிறது. அதை அமுக்கினால் வேகம் வரும், லாபம் கம்பெனிக்கு. டேட்டாபேஸ் அழிந்தால்? நீதானே அனுமதித்தாய் என்று அவன் தலையில் பழி! நமது பஞ்சாலைத் தொழிலாளிகளின், விவசாயக் கூலிகளின் பிள்ளைகளும் இன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரோ படித்தவர்கள் சங்கதி என்று நாம் ஒதுங்க முடியாது.

நாம் கேட்பது இதுதான். படித்தால் போதுமான வேலைக்குப் படிக்கும் சாவி மட்டும் கொடு. அழிக்கும் காரியம் ஒவ்வொன்றுக்கும் மனிதனின் சம்மதம் கட்டாயம் என்று விதியைத் திருத்து. சீட்டைப் படிக்கும் நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிடு. ‘எப்போதும் அனுமதி’யை அமுக்கச் சொல்லும் மானேஜர், தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடட்டும்.